பழைய ஜீப் வண்டியும் நெடுஞ்சாலை வேகமும்

கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி முதலிய கரிசல் ஊர்களில், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பழைய ஜீப் வண்டியைப் பின்புறம் சரக்குத் தட்டு வைத்து உபயோகிக்கும் நிலச்சுவான்தார்கள் இன்றும் உண்டு. இதன் மூல வடிவம் அமெரிக்க வில்லிஸ் ஜீப். மஹிந்திரா நிறுவனத்தார் 1940களின் இறுதியில் அதைப் பம்பாயில் பூட்டத் தொடங்கிப் பின்னர் இந்நாட்டிலேயே செய்தனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி மாட்டு வண்டியும் நகராத வேளையில், புஞ்சைக்கு விதையும் உரமும் கொண்டு சேர்ப்பதில் இவ்வண்டியின் உபகாரம் பெரிது.

அதே வண்டி, மூட்டைகளோடு கயத்தாற்றிலிருந்து கோவில்பட்டிக்கு நான்கு வழிச்சாலையில் செல்லும்போது எஞ்சின் கதறுகிறது. எண்ணெயும் அதிகம் செலவாகிறது. இச்சுழற்சியைக் குறைக்க வழியுண்டா என்பது உடைமையாளர் பலரின் கேள்வி. வழிகள் உண்டு, ஆனால் சாலைக்காகச் செய்யும் மாறுதல் மழைக்கால வயலில் வண்டியைக் கெடுத்துவிடாமல் பார்ப்பதே முக்கியம்.

முதலிற் காரணத்தைக் காண்போம். சி.ஜே. 3பி என்னும் ஜீப்பின் அச்சில் கிரௌன் சக்கரத்துக்கு 43 பற்களும் பினியனுக்கு 8 பற்களும் உள. ஆகவே சாலைச் சக்கரம் ஒரு முறை சுழல, விசைத்தண்டு சுமார் 5.38 முறை சுழலவேண்டும். மேல் கியர் நேர் கியராதலால் எஞ்சினும் அத்தனை முறையே சுழலும். 6.00-16 அளவுள்ள டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 448 சுற்று உருளும். எனவே மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சினுக்கு நிமிஷத்துக்கு 2,400 சுற்று. 80 கிலோமீட்டரில் 3,200 சுற்று. பழைய பெட்ரோல் எஞ்சினின் பிஸ்டன் ஒவ்வோர் அடிக்கும் 111 மில்லிமீட்டர் தூரம் செல்வது. ஆகையால் 3,200 சுற்றில் அது நிமிஷத்துக்கு 710 மீட்டர் ஓடுகிறது. பிற்காலத்துப் பெஜோ வகை டீசல் எஞ்சினிலோ அத்தூரம் 83 மில்லிமீட்டரே. அந்த எஞ்சின் 3,200 சுற்றில் ஓடுவதும் பெட்ரோல் எஞ்சின் 2,400 சுற்றில் ஓடுவதும் பிஸ்டன் வேகத்தில் ஏறக்குறைய சமம். டீசல் வண்டிக்காரர் சத்தத்தைக் கேட்டு மட்டும் அஞ்ச வேண்டுவதில்லை.

தம் வண்டியின் விகிதம் தெரியாதவர் வீட்டிலேயே அறியலாம். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலிலும் விசையை இரு சக்கர ஓட்டத்திலும் வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்குக. அதைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுழற்றி, விசைத்தண்டு எத்தனை சுற்றுச் சுழல்கிறதென எண்ணுக. ஐந்துக்கு மேல் மூன்றிலொரு பங்கு சென்றால் 5.38. ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88, யுத்த காலத்து ஜீப்பின் விகிதம் இதுவே.

இனிப் பரிகாரங்கள். பலர் முதலில் நாடுவது பெரிய டயர். 7.00-16 டயர் பூட்டினால் 80 கிலோமீட்டரில் எஞ்சின் சுமார் 2,950 சுற்றோடு நிற்கும். ஆனால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கின் பிடிப்புக் குறையும். வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 65 ஓடும்.

அடுத்தது கிரௌனையும் பினியனையும் மாற்றுவது. 4.88 இட்டால் 80 கிலோமீட்டருக்கு 2,900 சுற்றும், 4.27 இட்டால் 2,550 சுற்றும் போதும். இங்கேதான் பெரும் பிழை நேர்கிறது. செலவுக்கு அஞ்சிப் பின் அச்சை மட்டும் மாற்றுதல் கூடவே கூடாது. நான்கு சக்கர விசையைச் சேர்த்ததும், முன் விசைத்தண்டும் பின் விசைத்தண்டும் டிரான்ஸ்பர் பெட்டியில் ஒன்றோடொன்று இறுகப் பூட்டப்படுகின்றன. முன்னே 5.38, பின்னே 4.88 என்றிருந்தால், முன் சக்கரங்கள் பத்து மீட்டர் செல்ல நினைக்கும்போது பின் சக்கரங்கள் பதினோரு மீட்டர் செல்ல நினைக்கும். கெட்டித் தரையில் ஏதேனும் ஒன்று முறியும். சேற்றில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வீணாய்ச் சுழலும். மாற்றினால் இரண்டு அச்சுகளையும் மாற்றுக. இல்லையேல் தொடாதிருப்பதே நலம்.

இரண்டையும் மாற்றினாலும் ஒரு நஷ்டம் உண்டு. மூன்று கியர் ஜீப்பில் முதல் கியரும் டிரான்ஸ்பர் பெட்டியின் தாழ்ந்த விகிதமும் சேர, எஞ்சினின் முறுக்கு சக்கரத்தில் சுமார் 37 மடங்காகிறது. 4.27 இட்டால் அது 29 மடங்காகக் குறையும். கரிசற் சேற்றில் மூட்டையோடு சிக்கியவருக்கு இந்த எட்டு மடங்கின் அருமை தெரியும்.

ஆதலின் வயல் வேலையும் சாலை வேலையும் சேர்ந்தவருக்கு ஓவர்டிரைவ் என்னும் துணைக் கியர்பெட்டியே உத்தமம் என்பது எம் அபிப்பிராயம். அமெரிக்காவில் வார்ன் நிறுவனத்தார் ஜீப்பின் டிரான்ஸ்பர் பெட்டிக்குப் பின்னே பூட்டத்தக்க இத்தகைய பெட்டியைச் செய்தனர். அது எஞ்சின் சுழற்சியில் காற்பங்கைக் குறைக்கிறது. 3,200 என்பது 2,400 ஆகும். விசை இரு அச்சுகளுக்கும் பிரியுமுன் அது வேலை செய்வதால் முன்பின் பேதம் உண்டாவதில்லை. நெம்புகோலைத் தள்ளினால் பழைய இழுவை அப்படியே திரும்பும். விலை அதிகம், கிடைப்பதும் அரிது. ஐந்து கியர் பெட்டியை ஏற்றுவோரும் உளர். அதற்கு விசைத்தண்டுகளின் நீளத்தைத் திருத்த நேரும். நல்ல பட்டறை வேண்டும்.

சுழற்சியைக் குறைத்தபின் எஞ்சினைத் திணறவிடுதல் ஆகாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழி வரும் மேல்காற்றின் பலத்தைக் கயத்தாற்றுக் காற்றாலைகளே சொல்லும். பாரத்தோடு கடம்பூரிலிருந்து மேற்கே செல்பவருக்கு அது எதிர்காற்று. எஞ்சின் முனகிக் கரும்புகை தள்ளினால் உடனே ஓவர்டிரைவை விலக்கி நேர் கியருக்கு வருக. தாழ்ந்த சுற்றில் மிகுந்த பாரம் இழுப்பது பேரிங்குகளுக்குக் கேடு.

காசில்லாத பரிகாரமும் ஒன்றுண்டு. வேகம் 60இலிருந்து 80 ஆனால் காற்றின் தடை ஒன்றே முக்கால் மடங்காகிறது. அதை வெல்ல வேண்டிய குதிரைச்சக்தியோ இரண்டேகால் மடங்குக்கும் மேல். பெட்டி போன்ற முகமுடைய ஜீப்புக்கு இது பெருஞ்சுமை. சந்தைக்கு அரைமணி முன்னதாகப் புறப்பட்டு 60இல் ஓட்டுகிறவர், ஸ்பானரைத் தொடாமலே சுழற்சியில் காற்பங்கைக் குறைத்துக்கொள்கிறார்.

எஞ்சினையோ வண்டியின் அமைப்பையோ மாற்ற எண்ணுவோர், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை முன்னிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் விசாரித்துக்கொள்க. கிராம அதிகாரிகள் இதனைத் தம் ஊராருக்கு எடுத்துரைக்கலாம். புதுப் பல்சக்கரம் இட்ட அச்சை முதல் இருபது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நிறுத்திக் கையால் தொட்டுப் பார்க்க. கை பொறுக்காத சூடு இருந்தால் பினியன் இடைவெளி சரியில்லை. மேலே ஓட்டாமல் பட்டறைக்குத் திருப்புக.