விரிசல் விட்ட வார்ப்பிரும்பு விறகு அடுப்பைச் சரிசெய்தல்

குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு விறகு அடுப்பு பல தலைமுறை உழைக்கும். ஆனால் அந்த இரும்பு வளைந்து கொடுக்காது. அதில் 2 முதல் 4 சதவீதம் வரை கரிமம் இருப்பதே காரணம். சூடாக இருக்கும் தட்டில் தண்ணீர் பட்டாலும், குளிர்ந்த அடுப்பில் எடுத்த எடுப்பில் பெருந்தீ மூட்டினாலும், போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினாலும் விரிசல் விடும். அதன் வழியே காற்று நுழைந்தால் தீ கட்டுக்கடங்காது. புகைபோக்கியின் இழுவை குறையும்போது கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசியும். அதற்கு மணமில்லை, ஆளைக் கொல்லும். பழுது தீரும்வரை அடுப்பை மூட்டவே கூடாது.

முதலில் அடுப்பு முழுக்க ஆறட்டும். சாம்பலை அள்ளி, கரியையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுக்க வேண்டும். அறையை இருட்டாக்கி, அடுப்புக்குள் டார்ச் லைட்டை வைத்தால் விரிசல் ஒளிக்கோடாகத் தெரியும். அதன் நுனி கண்ணுக்குத் தெரிவதைவிடத் தள்ளியே இருக்கும். அதைப் பிடிக்கப் பட்டறைக்காரர்களின் பழைய வழி ஒன்று உண்டு: மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைப் பூச வேண்டும். உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் மெல்லிய ஈரக்கோடு விழும். கோடு முடியும் இடமே நுனி. பிறகு தின்னரால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும்.

இரு நுனிகளிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் விரிசல் மேலும் ஓடுவது தடைபடும். பலர் இதை விட்டுவிட்டுப் பூச்சை மட்டும் அப்புகிறார்கள். அதனால் விரிசல் பூச்சைத் தாண்டி ஓடிவிடுகிறது.

மயிரிழை விரிசலுக்கு வெப்பம் தாங்கும் அடுப்புச் சிமெண்ட் போதும். கட்டிடச் சிமெண்ட் இதற்கு உதவாது. இடத்தை லேசாக நனைத்து, சிமெண்டை விரிசலுக்குள் அழுத்தி நிரப்ப வேண்டும். டப்பாவில் சொன்ன நேரம் காய்ந்தபின், சிறு தீயில் தொடங்கிப் படிப்படியாகச் சூடேற்றலாம். அவசரப்பட்டால் ஈரம் ஆவியாகிப் பூச்சு கொப்பளிக்கும்.

அகன்ற விரிசலுக்கு உட்புறம் எஃகுத் தகடு வைத்து, இடையில் சிமெண்ட் பூசி, போல்ட் போட்டு இறுக்கலாம். எஃகும் வார்ப்பிரும்பும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. அதனால் தகட்டின் போல்ட் துளைகள் சற்றுப் பெரிதாக இருப்பது நல்லது.

வெல்டிங் கைதேர்ந்தவரின் வேலை. நிக்கல் ராடு, முன்கூட்டியே சூடேற்றல், 25 மில்லிமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திச் சுத்தியலால் தட்டல், கடைசியில் உலர்மணலில் புதைத்து மெல்ல ஆறவிடல் எல்லாம் அதில் உண்டு. தீ நேரே படும் தட்டில் அதுவும் நிலைக்குமென்று சொல்ல முடியாது. கழற்றக்கூடிய பாகமானால் புதிது வாங்குவதே சரி.

மீண்டும் மூட்டும்போது, பழுதுபார்த்த இடத்தருகே ஊதுபத்தியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். புகை உள்ளே இழுபட்டால் அடைப்பு முழுமையாகவில்லை. அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும்.