சிறுநீரக நோயும் மாதவிடாயும் இரத்த நாளங்களும்

கம்பம், சின்னமனூர்ப் பகுதிகளிலிருந்து எங்கள் சிறுநீரகப் பிரிவுக்கு வரும் பெண்களில் பலர், மாதவிடாய் நின்றுபோனதைத் தாமாகச் சொல்வதில்லை. கேட்டால், "நின்றது நல்லதாய்ப் போயிற்று, ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரத் தொல்லையில்லை" என்பார்கள். மலையில் நாள் முழுவதும் வேலை செய்பவர்களின் அந்த நிம்மதி எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் அது மருத்துவர் அறிய வேண்டிய செய்தி.

சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டும் உரியதன்று. இரத்த நாளத்தின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை உண்டாக்க அது துணைபுரிகிறது. நாளத்தைத் தளர்த்தி விரியச் செய்வது அந்த வாயுவே. இதைக் கண்டறிந்தவர்களுக்கு 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இளவயதில் பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடக் குறைவாக வருவதற்கு ஈஸ்ட்ரோஜனும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. சிறுநீரகம் பழுதடையும்போது மூளையிலிருந்து சினைப்பைக்குச் செல்லும் ஹார்மோன் கட்டளைகள் சீர்குலைகின்றன. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, மாதவிடாய் ஒழுங்கு தவறுகிறது, சிலருக்கு உரிய வயதுக்கு முன்பே நின்றுவிடுகிறது. உயர் இரத்த அழுத்தமும், இரத்தத்தில் மிகும் பாஸ்பேட்டும் சேர்ந்துகொள்ள, நாளங்கள் விறைப்படைகின்றன.

அப்படியானால் ஹார்மோன் மாத்திரை தரலாமே என்று உறவினர் கேட்பதுண்டு. அவ்வளவு எளிதன்று. ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் இரத்த அழுத்தத்தையும் இரத்தம் உறையும் தன்மையையும் கூட்டக்கூடும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நெருங்கும்போது, மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்குவோர் உண்டு. சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறும் பெண்ணுக்கு இரத்தம் உறையும் இயல்பு ஏற்கெனவே கூடியிருக்கும். எங்களைக் கேளாமல் அம்மாத்திரையை விழுங்க வேண்டாம். மாதவிடாய் வலிக்கென வாங்கும் வலிநிவாரணிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றுள் பல சிறுநீரகத்தை மேலும் கெடுப்பவை.

மாதவிடாய் ஒழுங்கற்றிருந்தாலும் கருத்தரிக்க வாய்ப்புண்டு. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கும். ஆதலால் நாள் தள்ளிப்போனால் உடனே சொல்லுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒன்று. பெண்களுக்கு இதய நோய் எப்போதும் நெஞ்சுவலியாகவே வெளிப்படுவதில்லை. திடீர் மூச்சுத்திணறல், தாடையிலோ மேல்முதுகிலோ வலி, வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றை "டயாலிசிஸ் களைப்பு" என்று விட்டுவிடாமல் உடனே அழைத்து வாருங்கள்.

அடுத்த முறை வரும்போது, கடைசியாக மாதவிடாய் வந்த தேதியை உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில், இரத்த அழுத்த அளவுகளுக்கு அருகில் குறித்து வாருங்கள். சொல்லக் கூச்சமாயிருந்தால், அந்தப் பக்கத்தைக் காட்டினாலே போதும்.