வரிசையை நீட்டினால் வேகம் வருமா?

கேள்வி: என் லினக்ஸ் கணினியில் என்விஎம்இ எஸ்எஸ்டி இருக்கிறது. பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மற்ற எல்லாம் உறைந்துவிடுகின்றன. கட்டளை வரிசையின் நீளத்தைக் கூட்டினால் சரியாகுமா? – வாசகர், சித்தூர்

கூட்டாதீர்கள், கோளாறு அதிகமாகும். ஒவ்வொரு படிப்பும் எழுத்தும் கெர்னலுக்குள் ஒரு கோரிக்கையாகி, ஓர் அடையாள எண்ணைப் பெறுகிறது. திருமலை தரிசன டோக்கனைப் போல. டிஸ்க் வேலையை முடித்ததும் அந்த எண்ணைச் சொல்லித்தான் பதில் தருகிறது. சாட்டா டிஸ்க் ஒரே நேரத்தில் ஏற்பது 32 கட்டளைகள்தான். என்விஎம்இ விதிப்படியோ ஆயிரக்கணக்கான வரிசைகள் இருக்கலாம். அதற்கு ஈடுகொடுக்கவே 2014-இல் வெளியான லினக்ஸ் 3.13-இல் பல வரிசை முறை நுழைந்தது, 2019-இல் 5.0 பழைய ஒற்றை வரிசையை அடியோடு நீக்கியது. இதனால் ப்ராசசர் கோர்கள் ஒரே பூட்டுக்காக மோதுவது குறைந்தது. ஆனால் உங்கள் சிக்கல் அங்கே இல்லை. நகலெடுப்பின் எழுத்துகள் ஆயிரமாய் முன்னே நிற்க, நீங்கள் திறக்கும் சிறு கோப்பின் படிப்பு பின்னால் காத்திருக்கிறது. வரிசை நீண்டால் மொத்த வேலை கூடலாம், காத்திருப்பும் கூடவே நீளும்.

எந்தக் கோரிக்கை முன்னே போகும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர்தான் இதற்கு மருந்து. ‘வேகமான டிஸ்குக்கு ஷெட்யூலர் வேண்டாம் என்கிறார்களே?’ என்பீர்கள். பெரிய சர்வருக்கு அது சரி. பல லினக்ஸ் பதிப்புகளும் என்விஎம்இ டிஸ்குக்கு ‘நன்’ (ஷெட்யூலர் இல்லை) என்றே வைத்திருக்கின்றன. மேசைக் கணினியில் மொத்த வேகத்தைவிட உடனடிப் பதில்தான் முக்கியம். எனவே டிஸ்கின் ‘க்யூ’ கோப்புறையில் உள்ள ‘ஷெட்யூலர்’ கோப்பில் ‘பிஎஃப்க்யூ’ அல்லது ‘கைபர்’ என்ற ஷெட்யூலரின் பெயரை எழுதிப் பாருங்கள். இரண்டும் 2017 முதல் கெர்னலில் உள்ளன. மறுதொடக்கத்தில் இந்த மாற்றம் மறைந்துவிடும். பிடித்திருந்தால், சாதன அமைப்புகளைக் கவனிக்கும் யூடெவ்வின் விதியில் சேர்த்துவிடுங்கள்.