ஃபெயில்2பேன் இன்றைய லாக்கைத்தான் பார்க்கிறதா?

இரத்தோட்டை மிளகையும் கராம்பையும் ஆன்லைனில் விற்கச் சொந்தமாக சர்வர் போட்டிருக்கிற தம்பி, தங்கச்சிமாரே, ஃபெயில்2பேனை இன்ஸ்டால் பண்ணியாச்சு என்று தூங்கப் போய்விடாதீர்கள். அது லாக் பைலை வாசித்துத்தான் கள்ளனைப் பிடிக்கும். ஒரே ஐபியிலிருந்து 10 நிமிடத்தில் 5 தரம் பாஸ்வேர்ட் பிழைத்தால் கதவைச் சாத்தும். தவறான பைலை வாசித்தால் ஒருவனும் அகப்படமாட்டான்.

1. ஜெயிலின் ஸ்டேட்டஸைக் கேளுங்கள். 'ஃபைல் லிஸ்ட்' என்று ஒரு வரி வரும். இன்றைய பைல் அதில் இருக்கிறதா? வேறு எதையும் தொடமுன் இதைப் பாருங்கள்.

2. பைல் பெயரில் தேதி வேண்டாம். லாக்ரொட்டேட் பழையதை '.1' ஆக்கி, அதே பெயரில் புதியதைத் திறந்தால் ஃபெயில்2பேன் தானாகவே கண்டுகொள்ளும். உங்கள் ஆப் தினமும் தேதி போட்டுப் புதுப் பைல் திறந்தால்தான் தொல்லை. "நட்சத்திரக் குறி போட்டிருக்கிறேனே அக்கா" என்பீர்கள். அந்தக் குறிக்குப் பொருந்தும் பைல்களை அது ஸ்டார்ட் ஆகும்போது மட்டுமே தேடும். மாதம் பிறந்து புதுச் செக்ரோல் திறந்த பிறகும் பழைய புத்தகத்தையே புரட்டுகிற கணக்கப்பிள்ளை மாதிரி. என் சர்வரில் இப்படித்தான் நடந்தது. இரவு 12 மணிக்குப் பிறகு புதுப் பைல் முழுக்கத் தவறான லாகின்; தடை செய்த ஐபி பூச்சியம். ஆப்பில் ஒரே பெயரை வைத்து, சுழற்றுவதை லாக்ரொட்டேட்டிடம் விடுங்கள். முடியாதென்றால் கிரானில் இரவு 12.01க்கு ஒரு ரீலோட்.

3. அதே குறியால் '.1', '.ஜிஇசட்' பைல்களையும் இழுத்துப் போடாதீர்கள். வீண் சுமை.

4. நேரத்தைப் பாருங்கள். ஆப் யூடிசியில் எழுதி, சர்வர் கொழும்பு நேரத்தில் ஓடினால், இப்போது விழுந்த வரியும் ஐந்தரை மணி நேரம் பழசாகத் தெரியும். பழைய பதிப்பு ஃபெயில்2பேன் அதைத் தள்ளிவிடும்.

5. டெபியன் 12 என்றால் 'ஆத் லாக்' பைல் தானாக வராது. பேக்எண்டை 'சிஸ்டம்டி' என்று மாற்றுங்கள்.

6. மாற்றங்களை 'ஜெயில்.லோக்கல்' பைலில் எழுதுங்கள். 'ஜெயில்.கான்ஃப்'பில் எழுதினால் அப்டேட் வரும்போது அழிந்துபோகலாம்.

கடைசியாக, நள்ளிரவு தாண்டியதும் போன் டேட்டாவிலிருந்து 5 தரம் வேண்டுமென்றே பிழையான பாஸ்வேர்ட் அடித்துப் பாருங்கள். லேப்டாப்பை அதே போனின் ஹொட்ஸ்பொட்டில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள் பிள்ளைகளே, நீங்களே வெளியே நிற்பீர்கள்.