மணல் தாங்கும் மண்டபம்

பள்ளி விடுமுறை விட்டால் கொல்கத்தாவில் வாழும் நம் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பூரிதான். இரவு ஹௌராவில் ரயில் ஏறினால் காலையில் பூரி. கடல் குளியல், ஜகந்நாதர் தரிசனம், மறுநாள் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோணார்க். அங்கே கல் சக்கரத்தின் முன் ஒரு புகைப்படம், ஆளுக்கு ஓர் இளநீர், அத்துடன் திரும்பிவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் திரும்பினேன். ஒருமுறை பேரன் கேட்டான்: "ஏன் தாத்தா, கோயிலுக்குள்ளே போக முடியாதா? உள்ளே என்ன இருக்கு?"

"மணல்" என்றேன். அவன் நம்பவில்லை. ரயில்வேயில் பாலங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன் நான். அவனுக்கு விளக்கிச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கோணார்க் சூரியன் கோயிலை 13ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியவர் கீழைக் கங்க மன்னர் முதலாம் நரசிம்மதேவர். அந்த வம்சத்தோடு நமக்கு உறவு உண்டு. அவருடைய முன்னோரான அனந்தவர்மன் சோடகங்கனின் தாயார் சோழ இளவரசி. பூரி ஜகந்நாதர் கோயிலை எழுப்பத் தொடங்கியவர் அவரே. 'கலிங்கத்துப் பரணி' பாடும் போரில் குலோத்துங்கனின் படைக்கு எதிரில் நின்றவரும் அவரே.

கோயில் முழுவதும் சூரியனின் தேர். 24 சக்கரங்கள், 7 குதிரைகள். இன்று நாம் கோயில் என்று அண்ணாந்து பார்ப்பது முன்மண்டபம் மட்டுமே. அதன் பின்னால், கருவறைக்கு மேல் இன்னும் உயரமாக நின்ற விமானம் விழுந்துவிட்டது. உச்சியில் இருந்த பெரிய காந்தத்தை மாலுமிகள் எடுத்துப் போனதால் விழுந்தது என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். அதற்குச் சான்று இல்லை.

கட்டிய முறையைப் பாருங்கள். இங்கே வளைவு கிடையாது. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையைவிடச் சற்று உள்நோக்கி நீட்டி வைத்து, கடைசியில் மேலே மூடியிருக்கிறார்கள். வீட்டில் தீப்பெட்டிகளை அடுக்கிப் பாருங்கள். பின்பக்கம் பாரம் இருக்கும்வரை நிற்கும். பாரம் குறைந்தால் கவிழும். பல இடங்களில் இரும்பு உத்தரங்களும் கொடுத்திருக்கிறார்கள். சிறு இரும்புத் துண்டுகளைக் காய்ச்சி, அடித்து, ஒன்றாக்கிய அவற்றை வளாகத்திலேயே காணலாம். ஆனால் கட்டடத்தின் பெரும்பகுதியான கோண்டலைட் கல் உப்புக் காற்றில் எளிதில் அரிக்கும். கல் தேய்ந்து, செடி முளைத்து, கவனிப்பாரும் இல்லாமல் போனால் எந்த அடுக்கும் நிலைக்காது.

முன்மண்டபமும் விழுந்துவிடும் என்று அஞ்சிய ஆங்கிலேய அரசு, 1903இல் அதன் உள்ளே மணலை நிரப்பி வாசல்களை அடைத்தது. அந்த ஆண்டைப் பொறித்த கல்வெட்டை அங்கே பார்க்கலாம். மணல் நிரப்பும் முன் மண்டபத்தின் உள்ளே நின்று பார்த்தவர் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை.

பாலத்தில் ஒரு உத்தரம் பலவீனமானால் நாங்கள் கீழே ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுப்போம். ரயில் ஓடும். ஆனால் முட்டு வைத்த அன்றே நிரந்தரப் பழுதுபார்ப்புக்கும் எழுதிப் போடவேண்டும். கோணார்க்கில் முட்டு மட்டும் நூறாண்டைத் தாண்டிவிட்டது. மணல் கீழே இறங்கி, மேலே இடைவெளி விழுந்திருப்பது பிற்கால ஆய்வுகளில் தெரிந்தது. மணலை அகற்றப்போவதாக 2020இல் மத்திய அரசு அறிவித்தது. அவசரப்படக் கூடாத வேலை இது. மணல் தாங்கும் பாரத்தை வேறொன்று ஏற்ற பிறகே மணலை எடுக்க முடியும்.

அடுத்த முறை செல்லும்போது மூன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: அடைத்த வாசல், இரும்பு உத்தரங்கள், நாட்டிய மண்டபத்தில் மத்தளம் வாசிக்கும் கற்பெண்கள். டிசம்பர் முதல் வாரமானால் மாலையில் நடன விழாவும் பார்க்கலாம். பூரியில் சிங்க வாசல் முன் நிற்கும் அருணத் தூண் கோணார்க்கிலிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள். புகைப்படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

கட்டியவர்களை நாம் புகழ்கிறோம். விழாமல் காப்பவர்களையும் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்.