பத்தரும் நரம்பும்

சில ஆண்டுகளுக்கு முன் நானாட்டானிலே ஒருநாள் காலை, பழந்தமிழர் இசைக்கருவிகளைப் பற்றி மாணாக்கருக்குக் கற்பித்துக்கொண்டிருந்தேன். “பத்தர் என்பது யாழின் உடல்; போர்வை என்பது அதன்மேல் இழுத்துப் பொருத்தும் தோல்; கோடு என்பது வளைந்த தண்டு; திவவு என்பது நரம்பைக் கோட்டோடு பிணிக்கும் வார்க்கட்டு” எனக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, “ஐயா, இவற்றுள் எதையாவது நீங்கள் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா?” என்று வினவினான். வகுப்பு நகைத்தது. எனக்கோ நகை வரவில்லை. இருபதாண்டுக் காலமாக நான் கற்பித்து வந்த சொற்கள் யாவும் அகராதியினின்றும் உரையினின்றும் எடுத்தவை. என் கையறிந்தவை அல்ல.

மறுநாள் அம்மாணவன் ஒரு பழந்துணிப் பொதியோடு வந்தான். அதனுள்ளே அவன் பாட்டனார் வாசித்த மண்டலின் இருந்தது. முகப்பலகை நீளவாக்கில் வெடித்திருந்தது, குதிரை சாய்ந்திருந்தது, எட்டு நரம்புகளில் மூன்றே எஞ்சியிருந்தன. அன்றைய பாடத்தை அக்கருவியை மேசையில் வைத்தே நடத்தினோம். அப்பாடத்தையும், பின்னர் யான் தேடியறிந்த சிலவற்றையும், இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

முதலாவதாக, ஓசை எங்கே பிறக்கின்றது என்பதை நோக்குவோம். நரம்பை மட்டும் இரு ஆணிகளுக்கிடையே கட்டி மீட்டினால் அருகிலிருப்பவர்க்கும் அது நன்கு கேளாது. மெல்லிய நரம்பு காற்றை அசைக்கும் வலியற்றது. நரம்பின் அதிர்வைக் குதிரை தாங்கி முகப்பலகைக்குக் கொடுக்கின்றது. அகன்ற பலகை அதிர்ந்து காற்றை அசைக்கின்றது. கூட்டினுள்ளே அடைபட்ட காற்றும் உடனதிர்ந்து வாய்த்துளை வழியே வெளிப்படுகின்றது. ஆகவே யாழின் போர்வை செய்த தொழிலை மண்டலினில் மரப்பலகை செய்கின்றது. பத்தரின் தொழிலை அதன் வயிறு செய்கின்றது. இவ்வுண்மையைக் கண்டபின், பொருநராற்றுப்படையிலே முடத்தாமக்கண்ணியார் யாழின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக உவமை கூறி வருணித்தமைக்குக் காரணம் விளங்கிற்று. பத்தருக்கு மானின் குளம்பு அழுந்திய சுவட்டையும், ஆணிக்கு வளையில் வாழும் நண்டின் கண்ணையும் அவர் உவமை காட்டுகின்றார். கருவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒருவருக்கே அவ்வுவமைகள் தோன்றும்.

முகப்பலகையின் கனமே இத்தொழிலின் உயிர்நிலை. யுக்குலேலே போன்ற சிறு கருவிகளில் அது ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் அளவினது. கனம் மிகுந்தால் ஓசை அடங்கும். குறைந்தால் நரம்பின் இழுவையைத் தாங்காது பலகை குழியும். உட்புறத்தே மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டி அதற்கு வலுவூட்டுவர். ஒரே மரத்தில் அறுத்த இரு பலகைகளும் ஒரு தன்மையன அல்ல. பெருந்தொழிற்சாலை எல்லாப் பலகைக்கும் ஒரே கனத்தை விதித்து, உடையாதிருக்கச் சற்று மிகுதியாகவே விட்டுவிடும். சிறு பட்டறையிலுள்ள கம்மியனோ பலகையைத் தட்டிக் கேட்டும், விரலால் வளைத்துப் பார்த்தும், அதனதன் இயல்புக்கேற்பச் சீவுகின்றான். கையால் செய்த கருவிக்குத் தனிச்சிறப்பு உண்டென்று கூறுவதன் பொருள் இதுவே.

இத்தகைய சிறு பட்டறைகளின் வரலாற்றிலே நம் கரையோரத்தார் அறியவேண்டிய கதை ஒன்றுண்டு. போர்த்துக்கேயர் 1560 ஆம் ஆண்டிலே மன்னாரைக் கைப்பற்றி, 1658 இல் ஒல்லாந்தர் வரும்வரை ஆண்டமை நாம் அறிந்ததே. அந்நாட்டாருக்குரிய மதேய்ராத் தீவிலே, நான்கு நரம்புடைய மச்சேத்தே என்னும் சிறு கருவி வழங்கிற்று. 1879 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே, ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பல் அத்தீவினர் நானூற்றுக்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுத் துறையை அடைந்தது. அவர்கள் கரும்புத் தோட்டங்களில் வேலைசெய்ய ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தவர்கள். அவர்களுள் மனுவேல் நூனெஸ், ஒகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்தோ என்னும் மூவர் தச்சுத் தொழிலர். தோட்டத்தினின்று நீங்கியபின், 1880களிலே அம்மூவரும் ஹொனலூலுவிற் பட்டறைகள் அமைத்து, அத்தீவுகளுக்குரிய கோஅ மரத்தால் தம் நாட்டுக் கருவியை ஒட்டிய சிறு கருவிகளைச் செய்தனர். கோஅ மரம் நம் மன்னார்த் தீவில் குடைவிரித்து நிற்கும் உடைமரத்திற்கு உறவானது. காலாக்காவ மன்னன் அக்கருவியை அரண்மனையில் ஏற்று ஆதரித்தான். அதற்கு வழங்கிய யுக்குலேலே என்னும் பெயருக்குத் ‘தத்தும் தெள்ளு’ எனப் பொருள் கூறுவர்.

இதனைப் படித்தபோது என் மனம் நம் வீதிகளுக்கே திரும்பிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அவர்களின் வருகைக்கு இருநூறாண்டு நிறைந்ததை நினைந்து, 2023 ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணமொன்று நிகழ்ந்தது. அவர்களும் வெறுங்கையராய் வந்தாரல்லர். தப்பும் காமன் கூத்தும் அவர்களோடு மலையேறின. மதேய்ரா மக்களுக்குத் தோட்டத்தை விட்டு நகரத்திலே பட்டறை அமைக்கும் வாய்ப்புக் கிட்டிற்று. நம்மவர்க்கு அது எளிதிற் கிட்டவில்லை. ஆயினும் ஏழையின் கைத்திறன் கடல் கடந்தும் அழியாது என்பதை இரு கதைகளும் உணர்த்துகின்றன.

நூனெஸிடம் தொழில் பயின்றவர்களுள் ஒருவர் சாமுவேல் கமாக்கா என்னும் ஹவாய் நாட்டவர். அவர் 1916 ஆம் ஆண்டிலே தம் வீட்டின் நிலவறையில் சிறு பட்டறையொன்றைத் தொடங்கினார். அன்னாசிப்பழ வடிவினதாகிய யுக்குலேலே அவர் ஆக்கியதே. 1915 இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பெருங் கண்காட்சியின்பின் அமெரிக்காவெங்கும் அக்கருவிக்கு வேட்கை மூண்டது. பெருந்தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கிற் செய்து குவித்தன. கமாக்காவின் பட்டறையோ இன்றும் அவர் வழித்தோன்றல்கள் கையிலே இயங்குகின்றது. அப்பட்டறையிலே செவிப்புலனற்ற தொழிலாளர் பலர் நெடுங்காலம் பணிபுரிந்தனர். பலகையின் கனத்தையும் அதிர்வையும் அவர்கள் விரல்நுனியாலேயே உணர்ந்து கருவி செய்தார்கள். காதால் ஒருபோதும் கேளாத இசையைக் கையால் அறிந்தோர் அவர்கள்! ‘செவிக்குணவு’ என்ற தொடரை இப்பொழுது வகுப்பிற் கற்பிக்குந்தோறும் அவர்களின் விரல்களே என் நினைவில் எழுகின்றன.

இனி மண்டலினுக்கு வருவோம். இத்தாலி நாட்டிலே, சிறப்பாக நேப்பிள்ஸ் நகரிலே, உருப்பெற்ற இக்கருவிக்கு எட்டு நரம்புகள் இரண்டிரண்டாய் நான்கு இணைகளாக அமையும். அடுத்தடுத்த இணைகள் ஐந்தாம் சுர உறவிலே சுருதி கூட்டப்படும். நம் சிலப்பதிகார உரைமரபிலே ஐந்தாம் நரம்பு கிளை எனவும், நான்காம் நரம்பு நட்பு எனவும் பெயர்பெறும். குரலுக்குக் கிளை இளி. இளிக்குக் கிளை துத்தம். துத்தத்திற்குக் கிளை விளரி. மண்டலினின் தடித்த நரம்பைக் குரலாகக் கொண்டால், அதன் நான்கு நரம்பிணைகளும் முறையே குரல், இளி, துத்தம், விளரி என நிற்கும்! 1920களிலே, பான்சோ என்னும் கருவியை வாசித்தோர் விரற்பழக்கத்தை மாற்றாமலே கிற்றாரின் ஓசையைப் பெறவேண்டி எழுந்த நான்கு நரம்பு ரெனர் கிற்றாரும், அதற்கு முதலில் வழங்கிய சுருதிமுறையில், இதே கிளைவரிசையில் அமைந்தது. யுக்குலேலேயிலோ நரம்புகள் இளி, குரல், கைக்கிளை, விளரி என நிற்கும். பிறநாட்டுக் கருவியினுள்ளே நம் பழஞ்சொற்கள் பொருந்தி நிற்பதைக் கண்டு மாணாக்கர் வியந்தனர். அவர்களினும் மிக வியந்தவன் யானே. பாலக்கொல்லுவிற் பிறந்த உ. சிறீநிவாஸ் (1969 - 2014) மின் மண்டலினிலே இரட்டை நரம்புகளை ஒற்றையாக்கி, பின்னர் ஐந்தாம் நரம்பொன்றையுஞ் சேர்த்து, கருநாடக இசையின் கமகங்களை அதில் வாசித்துக் காட்டியதையும் அன்று எடுத்துரைத்தேன்.

அடுத்து, மெட்டுக்களை எவ்வாறு அமைப்பது? தஞ்சாவூர் வீணையில் இருபத்துநான்கு மெட்டுக்களை மெழுகிலே பதித்து, செவியாற் கேட்டுக் கேட்டு இடஞ்செய்வர். மண்டலினிலும் கிற்றாரிலும் மெட்டுக்கள் மரத்தில் வெட்டிய காடியில் இறங்குவதால், வெட்டுமுன் கணக்குத் தவறாதிருத்தல் வேண்டும். கணக்கு எளியது. அதிரும் நரம்பின் முழுநீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் வரும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டின் இடைவெளி வரும். மேசையிலிருந்த மண்டலினின் நரம்பு நீளம் 35 சென்ரிமீற்றர். ஆகவே முதல் மெட்டு 1.96 சென்ரிமீற்றரில் நிற்கும், எஞ்சிய 33.04 ஐ வகுக்க இரண்டாம் இடைவெளி 1.85 ஆகும். இவ்வாறே செல்லப் பன்னிரண்டாம் மெட்டு நேர் நடுவாகிய 17.5 இல் வந்து நிற்கும். ஏழாம் மெட்டு 11.64 இல் விழுகின்றது. நரம்பின் மூன்றிலொரு பங்கு 11.67, அவ்விடத்திலே இளி பிறக்கும். இரண்டிற்கும் வேற்றுமை ஏறத்தாழக் கால் மில்லிமீற்றரே. மாணாக்கர் அளவுகோலை வைத்துப் பார்த்து, கணக்கும் கருவியும் ஒத்திருக்கக் கண்டனர். அக்கணிதப் பாடத்தை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

இவ்வாறு கணக்கைக் கொண்டே அழிந்த கருவியை மீட்க முயன்றவர் நம் நாட்டு விபுலாநந்த அடிகளார். காரைதீவிலே 1892 இல் தோன்றி, பயிற்றப்பட்ட ஆசிரியராகவும் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கிய அவர், நெடுங்காலம் ஆராய்ந்தெழுதிய யாழ்நூல் 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். இருபத்தொரு நரம்புப் பேரியாழும் ஏழு நரம்புச் செங்கோட்டியாழும் நூல்களிற் பெயராய் நின்றமையால் அவற்றின் இலக்கணத்தை அவரால் ஆராய முடிந்தது. ஆயினும் யாழ் செய்த கம்மியனின் கை, எந்த மரத்தை எவ்வளவு குடைந்தது, எந்தத் தோலை எவ்வாறு பதப்படுத்திற்று என்பவற்றை நமக்கு விட்டுச்செல்லவில்லை. திருக்கேதீச்சரத்தைப் பாடிய திருஞானசம்பந்தரோடு திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழேந்திச் சென்றார். அவர் ஏந்திய யாழைச் செய்தவர் யார்? அவர் பெயருமில்லை, அவருக்கு மாணவரும் எஞ்சவில்லை.

அண்மைக் காலத்திலே, சென்னையில் ‘உரு’ என்னும் பெயருடைய சிறு பட்டறையை நடத்தும் தருண் சேகர் என்னும் இளைஞர், சங்க நூல்களின் வருணனையைத் துணைக்கொண்டு யாழை மீண்டும் செய்து இசைக்கச் செய்திருக்கின்றார். அவர் கிற்றார் முதலிய கருவிகளைக் கையாற் செய்து பழகியவர். பிறநாட்டுக் கருவியில் தேர்ந்த கையே நம் பழங்கருவிக்கு உயிர் கொடுத்தது என்பது சிந்திக்கத்தக்கது. நூல் பெயரைக் காத்துத் தந்தது. கை கற்றிருந்தமையால் அப்பெயர் மீண்டும் பொருளாயிற்று.

அந்த மண்டலின் என்னாயிற்று என்று வினவுவீர்கள். எம்மூரிலுள்ள முதிய தச்சரொருவரிடம் கொண்டு சென்றோம். அவர் முன்னொருபோதும் இசைக்கருவி செய்தவரல்லர். ஆயினும் முகப்பலகையை விரலாற் தட்டிப் பார்த்து, “உள்ளே சட்டம் விட்டிருக்கிறது, தம்பி” என்றார். ஒட்டி, வெடிப்பிலே மெல்லிய மரச்சிம்பு வைத்து, குதிரையை நிமிர்த்திப் பத்து நாளிலே தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். “உங்களிடம் தொழில் பழகுகிறவர் யாராவது உண்டா?” என்று கேட்டேன். “இல்லை, மாஸ்ரர். பிள்ளைகள் படிக்கிறார்கள்” என்றார். அச்சொல்லை அவர் பெருமையோடு கூறினாரா, வருத்தத்தோடு கூறினாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

பிள்ளைகளைப் படிப்பிப்பவன் யான் ஆகையால், அச்சொல் என்னைச் சுட்டதாகவே கொண்டேன். கல்லூரியின் பழைய மாணவர்களே! விழாக் காலங்களில் கட்டடங்களும் பரிசுகளும் வழங்க முன்வருகின்றீர்கள், அது நன்று. அவற்றோடு, கல்லூரியில் ஒரு மரவேலை அறைக்கும், வாரத்தில் ஒருநாள் அங்கு வந்து கற்பிக்க ஒரு முதிய தச்சருக்குரிய வேதனத்துக்கும் வழிசெய்வீர்களாயின், அதுவும் தமிழ்ப்பணியே ஆகும். மாணாக்கரே! பத்தர் என்ற சொல்லை மனனஞ் செய்யுமுன் ஒரு பலகையைச் சீவிப் பாருங்கள். அந்த மாணவன் இப்போது பாட்டனாரின் மண்டலினைத் தானே சுருதி கூட்டுகின்றான். இனி அடுத்த வகுப்பிலே எவரேனும், “ஐயா, தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா?” என்று என்னைக் கேட்டால், “ஆம்” என்று சொல்ல எனக்கு ஒரு கருவியாவது உண்டு.