சந்தா நோட்டிலிருந்து தொடங்குங்கள்

சங்கத்தில் பொறுப்புக்கு வர விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கேட் மீட்டிங்கில் எப்படிப் பேசுவது என்றுதான். பேச்சு கடைசியாக வந்தால் போதும் என்பேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகட்டு வேலை செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். டை செட்டரானேன். சங்கத்தில் கமிட்டி உறுப்பினர், பொருளாளர், பொதுச்செயலாளர் என்று ஒவ்வொன்றாக வந்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். அருமையாகப் பேசிய பலர் ஒரே தேர்தலோடு காணாமல் போனதைப் பார்த்துவிட்டேன். நிலைத்து நின்றவர்கள் சந்தா வசூலித்தவர்கள், அடிபட்டவனை ஈ.எஸ்.ஐ.க்குக் கூட்டிப் போனவர்கள், தகடும் டையும் தெரிந்தவர்கள்.

முதலில் வேலை. ஐ.டி.ஐ.யில் ஷீட் மெட்டல் ஒர்க்கர் படிப்பு ஓராண்டு. அதில் கேஜ் பார்க்கவும், மார்க்கிங் போடவும், வெட்டவும், மடிக்கவும், பற்றவைக்கவும் சொல்லித் தருவார்கள். மீதியை ஷாப் ஃப்ளோரில்தான் கற்க வேண்டும். அதைக் கற்காமல் சங்கப் பொறுப்புக்கு வருகிறவனை நிர்வாகம் முதல் பேச்சுவார்த்தையிலேயே எடை போட்டுவிடும்.

ஒரு உற்பத்திப் பேச்சுவார்த்தை நினைவிருக்கிறது. கார் சீட்டுக்குக் கீழே வரும் ஒரு பிராக்கெட். நிர்வாகத் தரப்பு என்ஜினியர் லேப்டாப்பைத் திறந்து, "இந்த பிரஸ் நிமிஷத்துக்கு 45 ஸ்ட்ரோக் அடிக்கும். நாங்க 12தான் கேக்குறோம்" என்றார். எட்டு மணி நேரம் 480 நிமிடம், அதை 12ஆல் பெருக்கி ஷிஃப்டுக்கு 5,760. கேட்பவருக்கு நியாயமாகத்தான் படும். எங்கள் கமிட்டியில் மூத்த டை செட்டர் ஒருவர் இருந்தார். பையிலிருந்து இரண்டு பிளாங்க் தகடுகளை எடுத்து மேசையில் வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே வந்தன. "சார், இதைப் பிரிச்சுக் காட்டுங்க" என்றார். என்ஜினியர் நகத்தால் கீறிக் கீறிப் பிரிக்க நேரமானது. பிரிக்காமல் இரண்டையும் சேர்த்து உள்ளே போட்டால் டை உடையும். பிறகு அந்த டை செட்டர் ஒரு தாளை நீட்டினார். சாப்பாடு, டீ 50 நிமிடம். டை மாற்ற 40. முதல் பீஸை குவாலிட்டியில் காட்டி ஓ.கே. வாங்க 15. மிச்சம் 375 நிமிடம். ஆளே பிளாங்க் வைத்து, பின்னில் பொருத்தி, இரண்டு கையாலும் பட்டன் அழுத்தி, பீஸை எடுத்து, பிசிறு பார்த்து, பெட்டி நிறைந்தால் தள்ளிவிட்டு வர, நிமிடத்துக்கு 8. ஆக 3,000. அதற்குச் சற்று மேலே பேசி முடித்தோம். அன்று அவர் பேசியது நாலைந்து வாக்கியம் இருக்கும். என்னைப் போன்றவர்கள் அதற்கு முன் அரை மணி நேரம் முழங்கியதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஆகவே கமிட்டிக்கு வருகிற தம்பி தன் மெஷின் மட்டுமல்ல, பக்கத்து மெஷினின் கணக்கையும் எழுதி வைத்திருக்க வேண்டும். எந்த டை மாற்ற எவ்வளவு நேரம், எந்தத் தகட்டுச் சுருள் அடிக்கடி சிக்கும், எந்த பிரஸ்ஸில் கிளட்ச் தேய்ந்து ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அடிக்கிறது என்று தேதியோடு குறித்த நோட்டு அவனிடம் இருக்கட்டும்.

அடுத்தது சந்தா. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் நோட்டோடு நின்று ஒவ்வொருவரிடமும் வாங்குகிற வேலை. சம்பளத்திலேயே பிடித்துக் கொடுக்கிறோம் என்று நிர்வாகம் சொன்னால் பலருக்கும் நிம்மதி. நான் முடிந்தவரை கையால் வாங்கவே சொல்வேன். அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஒருவன், "அண்ணே, பொண்ணு கல்யாணத்துக்கு பி.எஃப். எடுக்கணும், மூணு மாசமா அலையறேன்" என்பான். இன்னொருவன் காசை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். அவனுக்கு உங்கள் மேல் என்ன வருத்தம் என்று விசாரிக்க வேண்டிய நாள் அது. மாதம் ஒருமுறை எல்லா முகத்தையும் பார்த்துவிடுகிறவனுக்குத் தேர்தல் பிரசாரமே தேவைப்படாது.

மூன்றாவதாகச் சொல்லப்போவது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது. தகட்டு வேலையில் விரல் போகும். எஸ்டேட் பக்கத்து டீக்கடைகளில் கிளாஸைப் பிடிக்கும் கைகளைப் பார்த்தாலே தெரியும். இரண்டு கை பட்டன் இருக்கும்; ஒன்றில் குச்சி செருகியிருக்கும். லைட் கர்ட்டன் சென்சார் இருக்கும். அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் உற்பத்திக்காக மேற்பார்வையாளரே செய்யச் சொல்வார், சில இடங்களில் இன்சென்டிவ்வுக்காக நம் ஆளே செய்வான். நிர்வாகத்திடம் சண்டை போடுவது எளிது. நம் உறுப்பினரிடம் போய் "குச்சியை எடு, இன்சென்டிவ் போனால் போகட்டும்" என்று சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டும். ஓட்டுப் போகுமே என்று அதைச் சொல்லாமல் விடுகிறவர் தலைவராக இருக்கத் தகுதியில்லை என்பது என் கருத்து.

அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது கமிட்டியில் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸில் வைக்க வேண்டும். விரலில் ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது; டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கியது. எங்கே கொண்டுபோவது என்பதை விபத்துக்குப் பிறகு யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

அதன் பிறகுதான் சங்கக்காரனின் உண்மையான வேலை தொடங்குகிறது. "ஈ.எஸ்.ஐ.க்கெல்லாம் எதுக்கு, பிரைவேட்ல நாங்களே பாக்குறோம், சம்பளமும் போட்டுடறோம்" என்று நிர்வாகத்தார் அன்பாகப் பேசுவார்கள். குடும்பம் பதறி நிற்கும் நேரத்தில் அது பெரிய உதவியாகத் தெரியும். விபத்து ரிப்போர்ட் போகாமல் போவதற்கும் அதுதான் வழி. ரிப்போர்ட் இல்லையென்றால், வேலையில் அடிபட்டதற்கே அத்தாட்சி இல்லை. சட்ட அட்டவணையில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. நாள் சம்பளம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ. கணக்குக்கு எடுப்பது அதில் 90 சதவீதம், 540. ஆள்காட்டி விரலுக்கு அதில் 14 சதவீதம், அதாவது நாளைக்கு 75 ரூபாய் 60 காசு. மாதத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். ஆயுள் முழுக்க வரும். வேறு கம்பெனிக்குப் போனாலும் வரும். ஒரு படிவம் போகாததால் ஒருவன் அதை இழக்கிறான். ஆகவே விபத்துப் பதிவேட்டில் எழுதியாகிவிட்டதா, ரிப்போர்ட் போனதா, மருத்துவக் குழு முன் நிற்கும் நாள் எது என்று கடைசிவரை கூட நிற்க வேண்டும். குழு குறைவாகப் போட்டால் மேல்முறையீடு உண்டு. காலையில் போய் டோக்கன் வாங்கி மதியம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வேலை இது. யாரும் மாலை போட மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் உங்கள் பெயர் மறக்கப்படாது.

பொருளாளர் பதவியை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. நான் அதைத்தான் கேட்டு வாங்கச் சொல்வேன். ரசீது, வவுச்சர், வங்கிக் கணக்கு, தணிக்கை, ஆண்டுதோறும் பதிவாளருக்குக் கணக்கு அனுப்புவது என்று சங்கத்தின் உயிர் அங்கே இருக்கிறது. கணக்கு அனுப்பாத சங்கத்தின் பதிவே ரத்தாகலாம். பொது நிதியை எதற்குச் செலவிடலாம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை உண்டு. அரசியல் நிதி தனி, அதற்குக் கொடுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. டீச் செலவுக்கும் வவுச்சர் வைத்து, மாதக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கணக்கில் சந்தேகம் வந்த சங்கம் எதிரியே இல்லாமல் உடைந்துபோகும்.

பதிவு என்பது வெறும் காகிதம் என்று நினைப்பவர்கள் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். ஆலை நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்டது. நீதிமன்றம் தடையும் விதித்தது. சங்கம் நடத்துவதே குற்றம் போல ஆன அந்த நிலைமைதான் 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது. நூறாண்டு கழித்தும் அந்தக் காகிதத்துக்கு மதிப்புக் குறையவில்லை. 2024இல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் சங்க அங்கீகாரமும் பதிவும் முக்கியப் பிரச்சினை. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது.

2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. நாங்கள் வாய்ப்பாடு போல ஒப்பித்த 12(3), 18(1) எல்லாம் பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்கள். புதியவர்கள் புதியதைப் படித்தே ஆக வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கும் இடத்தில் 51 சதவீதம் உறுப்பினர் வைத்திருக்கும் சங்கமே பேசும் உரிமை பெற்ற சங்கம். யாருக்கும் 51 இல்லையென்றால், ஒவ்வொரு 20 சதவீதத்துக்கும் ஒரு பிரதிநிதி என்று கணக்கிட்டுப் பேச்சுவார்த்தைக் குழு. எல்லாத் தொழிலிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டாலும் அது வேலைநிறுத்தம். இனி உறுப்பினர் பதிவேட்டில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் விலை உண்டு. சந்தா நோட்டைப் பற்றி நான் முன்பே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும் பேசுகிற சங்கம் சுருங்கிக்கொண்டே போகும். எஸ்டேட்டிலும் ஒரகடத்திலும் பிரஸ்ஸில் நிற்பவர்களில் பலர் காண்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ். அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். ஆனால் பிரஸ் அதைப் பார்த்து அடிப்பதில்லை. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு: 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி. பையன்களிடம் இதைச் சொல்லி, சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 480ஐ நெருங்கும்போது பிரேக் கொடுத்து அனுப்புவதை அன்றாடம் பார்க்கிறோம். தேதி கையில் இல்லாமல் அதை எதிர்த்து நிற்க முடியாது.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பக்கத்து மெஷினில் நிற்கிறார்கள். "கையை எடு" என்பது அவர்களுக்குப் புரியவில்லையென்றால் விரல் போகும். எங்கள் ஷாப்பில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்ட இந்தி "ஹாத் ஹடாவோ". அவர்களை வேலையைப் பறிக்க வந்தவர்களாகப் பேசுகிற ஒருவரை எந்தப் பொறுப்பிலும் வைக்காதீர்கள்.

இனி, வருகிற அழைப்புகளைப் பற்றி. நீங்கள் நன்றாகச் செயல்படத் தொடங்கியதும் ஒரு நாள் எச்.ஆர். அறையில் காபி வரும். "உனக்கென்ன தம்பி, சூப்பர்வைசர் ஆயிடு" என்பார்கள். தகுதிக்கு வரும் பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் விளைவைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மேற்பார்வைப் பொறுப்பும் சட்டம் சொல்லும் வரம்புக்கு மேல் சம்பளமும் வந்தால் சட்டப்படி நீங்கள் தொழிலாளி இல்லை. வரம்பு பழைய சட்டத்தில் 10,000 ரூபாய், புதியதில் 18,000. வேலைநீக்கம் வந்தால் தொழிலாளர் நீதிமன்றக் கதவு உங்களுக்குத் திறக்காது. எங்கள் கமிட்டியில் சிலர் அப்படிப் போனார்கள். நல்ல மேற்பார்வையாளர்களாகவும் இருந்தார்கள். அவர்கள் லைனில் சென்சார் அணைக்கப்பட்டதில்லை.

இன்னொரு வழி, சம்மேளனத்தில் முழுநேர ஊழியராவது. பல தொழிற்சாலைகளின் சங்கங்களைப் பார்த்துக்கொள்வது, லேபர் ஆபீசில் வாதாடுவது, உள்விசாரணையில் தொழிலாளிக்குத் துணையாக உட்காருவது என்று நாள் முழுக்க வேலை இருக்கும். கிடைப்பது கம்பெனிச் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து மாதச் செலவைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இதற்குப் போக வேண்டும். வெளியிலிருந்து வருகிற தலைவர்களை இளக்காரமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சட்டமும் நிர்வாகிகளில் வெளியாட்களை மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதற்குள் கட்டுப்படுத்துகிறது. ஆனாலும் உள்ளே இருப்பவனுக்கு சார்ஜ் ஷீட் வந்த நாளில், சம்பளப் பயம் இல்லாமல் எதிரே உட்கார்ந்து பேசுகிற ஒருவர் எவ்வளவு பெரிய பலம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு பழக்கம். நிர்வாகத்தோடு பேசத் தனியாகப் போகாதீர்கள். அவசரம் என்றாலும் போகாதீர்கள். இரண்டு பேர் போங்கள், இரண்டாமவர் எப்போதும் இளையவராக இருக்கட்டும். அவர் வேலை குறிப்பெடுப்பது: யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எந்தத் தேதிக்குள் செய்வதாகச் சொன்னார்கள். வெளியே வந்ததும் கேன்டீனில் உட்கார்ந்து அதை மினிட்ஸ் நோட்டில் ஏற்றி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்று மாலை ஷிஃப்ட் முடிவதற்குள் உறுப்பினர்களிடம் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்கிற வேலையை அந்த இளையவரிடமே கொடுங்கள்.